கலிபோர்னியாவுல மூணு பேர், மேல்மொணவூர்ல ஒருத்தர்

எங்க சித்தி பையன் கலிபோர்னியாவுல ஃப்ரீமான்ட்ல இருக்கான். வாலாஜாவுல பொறந்து, காட்பாடியில இன்ஜினியரிங் படிச்சுட்டு அங்க போய் செட்டில் ஆனவன். ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் முருகர் படமும் குட்மார்னிங்கும் போட்டுகினு இருந்தா இவன் மட்டும் அந்த ஊரு அரசியல் வீடியோவா தள்ளிகினு இருப்பான். பெரியப்பா "இன்னாடா இது, யாரு இந்த மொட்டைத்தலைக்காரரு"ன்னு கேப்பாரு, இவன் பதில் சொல்ல மாட்டான், அடுத்த வீடியோ வந்து விழும். அந்த மொட்டைத்தலைக்காரர் பேரு ஸ்டீவ் ஹில்டன். டிவியில உக்காந்து அரசியல் பேசிகினு இருந்தவரு, 2025 ஏப்ரல்ல கலிபோர்னியா கவர்னர் தேர்தல்ல நிக்கறேன்னு அறிவிச்சாரு. அங்க கவர்னர்னா நம்ம ஊரு மாதிரி டெல்லியில இருந்து உக்கார வைக்கற ஆள் இல்ல, ஜனங்க ஓட்டு போட்டு எடுக்கற முதலமைச்சர் மாதிரின்னு பெரியப்பாவுக்குப் புரியவைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

எனக்கு இந்த மாதிரி ஆளுங்க மேல ஒரு கண்ணு எப்பவும் உண்டு. காரணம் என்னன்னா நான் கொஞ்ச காலம் வேலூர்ல ஒரு லோக்கல் கேபிள் சேனல்ல வேலை பாத்தேன், எலெக்‌ஷன் டைம்ல விவாதம் நடத்துவோம், பேசறவரு பேருக்குக் கீழ "அரசியல் விமர்சகர்"னு ஸ்க்ரீன்ல டைப் அடிக்கறது நான்தான். அந்தப் பட்டத்தை யாருக்குக் குடுக்கறதுன்னு ரூல் எதுவும் கெடையாது. ரிட்டயர்ட் வாத்தியார், கேஸ் கம்மியா இருக்கற வக்கீல், கட்சியில சீட்டு கெடைக்காம வெளிய வந்தவரு, யாரு சாயந்தரம் ஆறு மணிக்கு சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுகினு வந்து நிக்கறாரோ அவரு விமர்சகர். இதுல சில பேரு, ரெண்டு மூணு எலெக்‌ஷன் பேசிப் பழகினதும், நாமளே நின்னா இன்னான்னு வார்டுல சுயேச்சையா நிப்பாங்க. பழைய பஸ் ஸ்டாண்ட்ல நடந்து போனா எல்லாரும் கைகுடுப்பாங்க, "சார் நீங்க பேசனது சூப்பர்"னு சொல்லுவாங்க. ரிசல்ட் அன்னிக்கு டெபாசிட் இருக்காது. கைகுடுத்தவன் எல்லாம் எங்க போய் குத்தினான்னு அவங்களுக்கு கடைசி வரைக்கும் புரியவே புரியாது.

அதனால ஹில்டன் கதையைக் கொஞ்சம் ஆழமாவே தோண்டிப் பாத்தேன். அவங்க அப்பா அம்மா ஹங்கேரிக்காரங்க, 1956ல சோவியத் டாங்கி புடாபெஸ்ட் உள்ள வந்தப்ப நாட்டை விட்டு ஓடி பிரிட்டன்ல தஞ்சம் புகுந்தவங்க. இவரு 1969ல லண்டன்ல பொறந்தாரு, ஆக்ஸ்ஃபோர்டுல படிச்சாரு, கன்சர்வேடிவ் கட்சி ஆபீஸ்ல வேலைக்குச் சேந்தாரு, டேவிட் கேமரூனோட நெருங்கின ஆளா ஆனாரு. 2010ல கேமரூன் பிரதமர் ஆனதும் இவரு வியூக இயக்குநரா, பிரதமர் இருக்கற டவுனிங் தெரு பத்தாம் நம்பர் வீட்டுக்குள்ள. செருப்பில்லாம வெறுங்காலோட அங்க நடமாடுவாருன்னு பிரிட்டிஷ் பேப்பர்காரங்க எழுதி எழுதித் தேஞ்சு போனாங்க. அரசாங்கம் பண்ற வேலையை ஊர்க்காரங்களே எடுத்துச் செய்யணும்னு "பிக் சொசைட்டி"ன்னு ஒரு யோசனை, அதுக்குப் பின்னால இருந்த முக்கியமான தலை இவரோடது. 2012ல எல்லாத்தையும் விட்டுட்டு கலிபோர்னியா, ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டி. மனைவி அப்ப கூகுள்ல பெரிய பதவியில இருந்தாங்க.

2016ல பிரெக்ஸிட் ஓட்டெடுப்பு, அதாவது பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளிய போகணுமான்னு, வந்தப்ப கேமரூன் இருக்கணும்னு ஒரு பக்கம், இவரு போகணும்னு எதிர்ப்பக்கம். 2017ல ஃபாக்ஸ் நியூஸ்ல ஞாயித்துக்கிழமை ப்ரோக்ராம் ஆரம்பிச்சாரு, ஆறு வருஷம் ஓட்டினாரு. 2021ல அமெரிக்கக் குடியுரிமை. 2023ல டிவியை விட்டுட்டு கலிபோர்னியா கொள்கைங்களுக்காக ஒரு அமைப்பு, அப்புறம் ரிபப்ளிகன் கட்சிக்காரரா வேட்பாளர். பெட்ரோல் காலன் 3 டாலருக்குக் கொண்டு வருவேன், வருஷம் முதல் 1,00,000 டாலர் வருமானத்துக்கு மாநில வருமான வரி கெடையாது, இப்படி வாக்குறுதிங்க. நம்ம ஊருல மிக்ஸி கிரைண்டர் குடுத்தப்ப சிரிச்சவங்க இதை இன்னா சொல்லுவாங்கன்னு தெரியல, அது வேற விஷயம்.

இதுல எனக்குப் புடிச்ச இடம் எதுன்னா, இந்த மனுஷன் டிவிக்கார சுயேச்சை இல்ல. ஒரு பிரதமரை உக்கார வெச்ச கட்சி ஆபீஸ்ல எலெக்‌ஷன் வேலை பாத்தவரு, கணக்கு தெரிஞ்சவரு. கலிபோர்னியாவுல டெமாக்ரட் கட்சியில பதிவு பண்ணின ஓட்டு ரிபப்ளிகனை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்குக்குப் பக்கம், 2006க்கு அப்புறம் மாநிலம் முழுக்க நடக்கற எந்தத் தேர்தல்லயும் ரிபப்ளிகன் ஜெயிச்சது இல்ல. அப்புறம் ஏன் அந்தக் கட்சியில நிக்கணும்? அங்க 2010ல ஜனங்களே ஓட்டு போட்டுக் கொண்டு வந்த முறை ஒண்ணு இருக்கு. முதல் ரவுண்டுல எல்லாக் கட்சி ஆளுங்களும் ஒரே ஓட்டுச்சீட்டுல வருவாங்க, யாரு வேணா யாருக்கு வேணா போடலாம், முதல் ரெண்டு இடம் வர்றவங்க மட்டும் நவம்பர் ஃபைனலுக்குப் போவாங்க. ரெண்டு பேரும் ஒரே கட்சியா இருந்தாலும் சரி. இப்ப பெரிய கட்சியில ஏழெட்டு பேர் நின்னு ஓட்டைப் பிரிச்சுக்கிட்டா, சின்னக் கட்சியில முகம் தெரிஞ்ச ஒருத்தர் இருந்தாப் போதும், உள்ள வந்துடலாம். டிவியில பேசின பேச்சுக்கு அங்க ஒரு விலை இருக்கு, அது முதல் ரவுண்டு வரைக்கும். இவரு ஜெயிப்பாரா தோப்பாரான்ற ஜோசியம் நமக்கு வேணாம், முகத்தை எங்க மாத்தினா காசாகும்னு தெரிஞ்சு மாத்த வந்தாரு பாருங்க, அதைத்தான் சொல்றேன்.

இது தெரியாம நின்னவங்க ஒருத்தங்க இருக்காங்க, அதே மாநிலம், அதே கவர்னர் நாற்காலி. அரியானா ஹஃபிங்டன். 1950ல ஏதென்ஸ்ல பொறந்த கிரேக்கப் பொண்ணு, கேம்பிரிட்ஜ் போய் 1971ல அங்க மாணவர் விவாத மன்றத்துக்கே தலைவர் ஆனவங்க, 1980ல அமெரிக்கா வந்தவங்க. கல்யாணம் பண்ணிக்கிட்டவரு கோடீஸ்வரரு, 1994ல செனட்டுக்கு நின்னு டயான் ஃபைன்ஸ்டீன்கிட்ட தோத்தாரு. அந்தக் காலத்துல இந்தம்மா வலதுசாரி பேச்சாளர், டிவி, பத்திரிகைப் பத்தி எல்லாம். அப்புறம் விவாகரத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இடது பக்கம் நகந்துட்டாங்க. மனசு மாறக்கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன், எங்க சேனல்ல ஒரே வாரத்துல மூணு கட்சிக்காரரா பேசினவங்களை நான் பாத்துருக்கேன்.

2003ல கவர்னர் கிரே டேவிஸைத் திருப்பி அழைக்கற தேர்தல், அதாவது பதவிக்காலம் முடியறதுக்குள்ளயே ஓட்டு போட்டு இறக்கறது, வந்துச்சு. அதுல நிக்க 3,500 டாலரும் 65 கையெழுத்தும் இருந்தாப் போதும், அதனால 135 பேர் நின்னாங்க. 135 பேர்! நம்ம ஊருல சுயேச்சைங்க ஜாஸ்தியாயிட்டாங்கன்னு அலுத்துக்கறவங்க இதை நினைச்சுக்கணும். இந்தம்மா சுயேச்சை. பெரிய கம்பெனிங்க வரியை ஏமாத்துதுங்க, ஓட்டையை அடைக்கணும்னு பிரச்சாரம். பேப்பர்காரங்க சும்மா இருப்பாங்களா, இவங்களோட ரிட்டர்னை எடுத்துப் பாத்தாங்க, அதுக்கு முந்தின ரெண்டு வருஷத்துல மத்திய வருமான வரியா கட்டினது 771 டாலர்னு வந்துச்சு. சட்டப்படி தப்பு ஒண்ணும் இல்ல, எழுத்து வேலையில நஷ்டம்னு காரணம் சொன்னாங்க. ஆனா மேடையில போய் அதை விளக்க முடியுமா? விமர்சகரா இருந்தவரைக்கும் அவங்க வரி கட்டினாங்களா இல்லையான்னு ஒருத்தரும் கேட்டதில்ல, கேக்க வேண்டிய அவசியமும் இல்ல. விவாத மேடையில, அதே தேர்தல்ல நின்ன சினிமா நடிகர் அர்னால்டும் இவங்களும் சண்டை போட்டுக்கிட்டதை அமெரிக்காவே பாத்து ரசிச்சுது. ரேட்டிங் கெடைச்சுது, ஓட்டு இல்ல. செப்டம்பர் 30ஆம் தேதி விலகிட்டாங்க, ஆனா பேரு ஓட்டுச்சீட்டுல அச்சாயிடுச்சு, அதுல விழுந்தது ஒரு சதவீதத்துல பாதிக்குக் கொஞ்சம் மேல. ஜெயிச்ச அர்னால்டும் ஆஸ்திரியாவுல இருந்து வந்தவருதான், அதனால வெளிநாட்டுக்காரின்றதாலதான் தோத்தாங்கன்னு சொல்ல வழியில்ல. அப்புறம் 2005ல நியூஸ் வெப்சைட் ஆரம்பிச்சு 2011ல 31.5 கோடி டாலருக்கு ஏஓஎல்ன்ற இன்டர்நெட் கம்பெனிக்கு வித்தாங்க. பேச்சை எங்க விக்கணுமோ அங்க வித்திருக்காங்க, நல்லா பொழைச்சுக்கட்டும்.

மூணாவது ஆளுக்கு வர்றேன், எனக்கு இந்தக் கட்டுரையே அவருக்காகத்தான். தலிப் சிங் சவுந்த். 1899ல பஞ்சாப்ல அமிர்தசரஸ் பக்கம் பொறந்தவரு, 1920ல கலிபோர்னியாவுல பெர்க்லி யுனிவர்சிட்டிக்கு பழம் காய்கறி பதப்படுத்தற படிப்பு படிக்கப் போய், கணக்குப் பக்கம் தாவி 1924ல டாக்டர் பட்டம் வாங்கினாரு. கணக்குல டாக்டர், வேலை கெடையாது. அதுக்கு முந்தின வருஷம்தான் பகத் சிங் திந்த்ன்ற ஒரு இந்தியரோட வழக்குல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, இந்தியருங்க வெள்ளைக்காரங்க கெடையாது, குடியுரிமை கேக்க முடியாதுன்னு தீர்ப்பு குடுத்துருச்சு. குடியுரிமை கேக்க முடியாதவன் நிலம் வாங்கவும் முடியாது, குத்தகைக்கு எடுக்கவும் முடியாதுன்னு கலிபோர்னியாவுல தனிச் சட்டம். மனுஷன் தெக்கால இம்பீரியல் பள்ளத்தாக்குக்குப் போனாரு, நல்லா வெயில் அடிக்கற பாலைவனம், கால்வாய் தண்ணியில விவசாயம். பருத்தி எடுக்கற கூலி ஆளுங்களுக்கு மேஸ்திரி. அப்புறம் தெரிஞ்சவங்க பேருல நிலம் எடுத்து கோஸ் மாதிரி கீரை வகைங்க, சர்க்கரை பீட்ரூட்டு, மாட்டுத் தீவனப் புல்லுன்னு சொந்த விவசாயம். விலை விழுந்து கடன்ல மாட்டினப்ப திவால் கொடுத்துட்டுப் போயிடுன்னு சொன்னாங்க, மாட்டேன்னு வருஷக்கணக்குல உழைச்சு அடைச்சாரு.

இதுக்கு நடுவுல அவரு விமர்சகரும்தான், அதை நிறைய பேர் விட்டுடறாங்க. கேத்தரின் மேயோன்னு ஒரு அமெரிக்க அம்மா 1927ல இந்தியாவைக் கேவலமா காட்டி ஒரு புத்தகம் போட்டாங்க, அதுக்கு ஸ்டாக்டன் குருத்வாரா கேட்டுக்கிட்டதால 1930ல பதில் புத்தகம் எழுதினது இவருதான். சர்ச், கிளப், எங்க கூப்ட்டாலும் போய் இந்திய சுதந்திரத்தைப் பத்திப் பேசுவாரு. பகல்ல வயல், ராத்திரி மேடை. சுத்தி இருந்த விவசாயிங்க இந்தியான்னாலே இவரு மூஞ்சியைத்தான் நெனைச்சாங்க. பேசினாரு, ஆனா தன் நாட்டைப் பத்திப் பேசினாரு, இருக்கற நாட்டுல அவருக்கு ஓட்டே கெடையாது.

1946ல சட்டம் மாறுச்சு, இந்தியருங்களும் குடியுரிமை கேக்கலாம்னு லூஸ் செல்லர் சட்டம், அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்து போட்டாரு. அதுக்காக அமெரிக்காவுல இருந்த இந்தியருங்க வருஷக்கணக்கா வாஷிங்டன்ல அலைஞ்சாங்க, சவுந்தும் அதுல உண்டு. 1949 டிசம்பர்ல குடிமகன். 1950ல வெஸ்ட்மோர்லாண்டுன்ற சின்ன ஊருல நீதிபதி பதவிக்கு நின்னாரு, அங்க அதுக்கும் தேர்தல்தான். ஜெயிச்சாரு! குடிமகனாகி ஒரு வருஷம் முடியலன்னு அந்த வெற்றியை ரத்து பண்ணிட்டாங்க. இந்த இடத்துல நான்னா வீட்டுக்குப் போயிருப்பேன். அவரு 1952ல திரும்ப நின்னு திரும்ப ஜெயிச்சாரு. அந்தத் தேர்தல்ல ஹோட்டல்ல ஒருத்தன் எல்லாரு முன்னாடியும், நீ ஜட்ஜானா கோர்ட்டுக்கு வர்றவங்களுக்குத் தலப்பா நீயே குடுப்பியா நாங்க வாங்கிகினு வரணுமான்னு நக்கல் பண்ணான். தலைக்கு மேல இன்னா இருக்குன்றது எனக்குக் கவலை இல்ல, உள்ள இன்னா இருக்குன்றதுதான் முக்கியம்ன்ற மாதிரி பதில் சொல்லி அவனையே சிரிக்க வெச்சுட்டாராம். 1954ல கவுண்டி, அதாவது நம்ம மாவட்டம் மாதிரி, அதோட டெமாக்ரடிக் கமிட்டித் தலைவர். 1956ல காங்கிரஸுக்கு, அதாவது நம்ம எம்.பி மாதிரி. எதிர்ல நின்னது ஜாக்லின் காக்ரன், ஒலி வேகத்தைத் தாண்டி விமானம் ஓட்டின முதல் பெண், பணமும் பேரும் உள்ளவங்க. குடிமகனாகி ஏழு வருஷம் முடியலன்னு இதுலயும் சொந்தக் கட்சிக்காரரே ஒருத்தர் கேஸ் போட்டாரு, கோர்ட்டு தள்ளிடுச்சு. குடும்பமே வீடு வீடா ஏறி இறங்கினாங்க. ஜெயிச்சாரு. அமெரிக்கக் காங்கிரஸ்ல ஓட்டுரிமையோட உக்காந்த முதல் ஆசியக்காரர். இன்னும் ரெண்டு தடவை ஜெயிச்சு, 1962ல பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில இருந்தபடியே தோத்தாரு.

மூணு பேரையும் வெச்சுப் பாத்தா எனக்குத் தெரியறது இதான். பேச்சு கதவைத் தட்டும், தொறக்கறது உள்ள இருக்கறவங்க. ஹில்டனுக்கு அது கட்சி, சவுந்துக்கு அது முப்பது வருஷம் கூட நின்னு கீரை வெட்டின ஊரு, ஹஃபிங்டனுக்கு உள்ள யாருமே இல்ல. வெளியூரு உள்ளூருன்றது அவ்வளவு பெரிய விஷயம் இல்லன்னு வேலூர்க்காரங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, 2004ல நாம அனுப்பின எம்.பி காதர் மொகிதீன் திருச்சி ஜமால் முகமது காலேஜ் பேராசிரியரு. ஜமாத்தும் கூட்டணியும் சேந்துச்சு, ஜெயிச்சாரு, அவ்வளவுதான்.

சவுந்த் கதையை நான் படிச்சதும் ஓடிப்போய் சொன்னது வேலூர் பக்கம் மேல்மொணவூர் இலங்கை அகதிங்க முகாம்ல இருக்கற அண்ணன்கிட்ட. 1990ல மன்னார்ல இருந்து சின்னப் பையனா படகுல வந்தவரு, முகாம்லயே வளந்தவரு, பெயிண்டிங் வேலை. எங்க சேனல்ல எலெக்‌ஷன் ப்ரோக்ராம் போட்டப்ப ஒரு ரிட்டயர்ட் வாத்தியாருக்கு பூத் கணக்கெல்லாம் எழுதிக் குடுத்தது இவருதான், டிவியில வாத்தியாரு பேசுவாரு, இவரு கேமராவுக்குப் பின்னால என் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்திருப்பாரு. இவரையும் ஒரு நாள் உக்கார வைக்கலாம்னு நான் கேட்டேன், முகாம் ஆளு, நாளைக்கு ஏதாவது பிரச்சினைன்னா யாரு பதில் சொல்றதுன்னு முடியாதுன்னுட்டாங்க. அவரும் வேணாம்னுதான் சொன்னாரு.

2019ல வேலூர் எம்.பி தேர்தலைப் பணம் புடிபட்டதால ஜனாதிபதி உத்தரவு போட்டு ரத்து பண்ணாங்க இல்ல, ஓட்டுக்குக் காசுன்ற காரணத்துக்காக ஒரு லோக்சபா தேர்தல் ரத்தானது அதான் முதல் தடவை. ஆகஸ்ட் 5ஆம் தேதி திரும்ப நடந்தப்ப இந்த அண்ணன், குடியாத்தம் அணைக்கட்டு கே.வி.குப்பம் எல்லாம் ஒரு பக்கம் போகும், வாணியம்பாடியும் ஆம்பூரும் எண்ணும்போது மாறும், பத்தாயிரத்துக்குள்ளதான் வித்தியாசம்னு டீக்கடையில சொன்னாரு. கதிர் ஆனந்த் 8,141 ஓட்டுல ஜெயிச்சாரு. டீ மாஸ்டர் அன்னிக்கு அவருகிட்ட காசு வாங்கல. ஓட்டு போடற நாள்ல அவரு இன்னா பண்ணுவாருன்னு கேட்டேன். "லீவு தம்பி, பெயிண்டிங் வேலையும் இருக்காது, படுத்துத் தூங்குறதுதான்"னாரு.

முகாம் ஆளுங்களுக்கு ஏன் குடியுரிமையும் ஓட்டும் கெடைக்கலன்னு கொஞ்சம் சொல்லிடறேன். இந்தியாவுல 1987 ஜூலை 1க்கு முன்னாடி பொறந்தா, அப்பா அம்மா யாரா இருந்தாலும், பிறப்பால குடிமகன். அந்தக் கணக்குல மண்டபம் முகாம்ல 1986ல பொறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாம்ல இருக்கற ஒரு பெண், கோர்ட்டுக்குப் போய் பாஸ்போர்ட்டு வாங்கி 2024ல ஓட்டே போட்டாங்க. அண்ணன் கடலுக்கு அந்தப் பக்கம் பொறந்தவரு, அவருக்கு அது இல்ல. அவரு பசங்க இங்க பொறந்தும், 2004 கடைசிக்கு அப்புறம் பொறந்ததால, அப்பா அம்மா ரெண்டு பேரும் முகாம்ன்றதால அதுவும் இல்ல. 2019ல வந்த குடியுரிமைத் திருத்தத்துல இலங்கை லிஸ்ட்லயே கெடையாது. 2021ல முகாம் பேரை மறுவாழ்வு முகாம்னு மாத்தினாங்க, மேல்மொணவூருக்கு முதலமைச்சரே வந்து புது வீட்டுக்கு அடிக்கல் நாட்டினாரு. வீடு வேணும்தான், நல்லதுதான்.

சவுந்த் கதை சொல்லி முடிச்சதும் அவரு புல்லரிச்சுப் போவாருன்னு நான் எதிர்பாத்தேன். அவரு கேட்டது வேற. "அந்தச் சட்டத்தை மாத்த எத்தனை பேர் தம்பி போனவை? ஆர் காசு குடுத்தது?" போராட்டம்னா பயணச் செலவுன்னு தெரிஞ்ச மனுஷன். தெரிஞ்சதைச் சொன்னேன், ரெண்டாம் உலக யுத்தம், இந்தியாவோட உறவு வேணும்னு அமெரிக்காவுக்கு ஒரு கட்டாயம், அதுவும் சேந்துதான் வேலை நடந்துச்சுன்னு. "ஓம், அதான்"னாரு. ஹில்டன் 2012ல வந்து 2021ல குடிமகன், சவுந்துக்கு 29 வருஷம்னு நான் சொன்னதுக்கு அவரு கணக்கு எதுவும் சொல்லல, ஹில்டன் எதிர்ப்பக்கம் எத்தனை பேர் நிக்கறாங்க, எந்த ஏரியா எந்தப் பக்கம்னு விசாரிச்சாரு. நான் போன்ல மேப்பைக் காட்டினேன், கடலோரம் ஒரு மாதிரி, உள்பக்கம் விவசாயம் நடக்கற இடம் ஒரு மாதிரின்னு கை வெச்சுப் பாத்துகினே இருந்தாரு.

நாளைக்கே குடியுரிமை குடுத்துட்டா எதுக்கு நிப்பீங்க அண்ணே, எம்.எல்.ஏவுக்கான்னு சும்மா கேட்டேன். பஞ்சாயத்து வார்டு மெம்பர்னாரு. யோசிச்சுச் சொன்ன மாதிரி இல்ல, ஏற்கனவே முடிவு பண்ணின மாதிரி. எந்தத் தெருவுல எந்தக் குடும்பம், யாரு வீட்டுக்கு வெள்ளை அடிச்சுக் குடுத்தது, யாரு கூலி பாக்கி வெச்சிருக்காங்க, எல்லாம் வரிசையா வந்துச்சு. முகாம் ஓட்டை எந்தப் பக்கம் எழுதி வெச்சிருக்கீங்கன்னேன்.

"அதைச் சேர்க்கேல்ல தம்பி. எனக்குத் தந்தாலும் மற்றாக்களுக்குத் தர இன்னும் காலம் எடுக்கும். ஊர் ஓட்டிலதான் வெல்லோணும்."